பொட்டு வைத்த புல்லி

எங்கள் மாப்பிள்ளையை நான் "டேய்" என்று கூப்பிட்டது என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான். அதையும் மெதுவாகக் கூப்பிடவில்லை. தெருக்கோடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கூப்பிட்டேன். எல்லாம் ஒரு புல்லியால் வந்தது.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் கிட்டத்தட்ட இதுதான் காரணம். ஆறாவது படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டும். அங்கே புது வாத்தியார் எழுப்பிப் பேர் கேட்பார். நான் சொல்ல வேண்டும். அதற்கு மாடு மேய்ப்பதே மேல் என்று இருந்துவிட்டேன்.

கட்டிக்கொண்ட மனிதருக்கு வாய் அதிகம். அதனால் குடும்பம் சரிசமமாக ஓடியது. நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் இருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் கரும்புச் சாறு வண்டி போட்டு இருபது வருஷம் ஆகிறது. கூப்பிடுவது, சிரிப்பது, ஐஸ் போடவா வேண்டாமா என்று கேட்பது எல்லாம் அவர். கரும்பை மெஷினில் விடுவது, சக்கையை மடித்து மறுபடி விடுவது, டம்ளர் கழுவுவது நான். வண்டிக்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அது வசதி.

சாறு பிழிகிற உருளைகளை ஓட்ட ஒரு டீசல் இன்ஜின் உண்டு. இன்ஜினில் இருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். அதுதான் புல்லி. அதில் பெல்ட் மாட்டினால் இன்ஜின் ஓட, உருளை ஓட, சாறு வரும். அவ்வளவுதான் எங்கள் தொழில் ரகசியம்.

போன மாசி மாசம், மகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, இன்ஜின் 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பிறகு சுற்றவே இல்லை. உள்ளே என்னமோ சிக்கி இறுகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் குந்தி, "இத்தினி வருசம் சோறு போட்ட, இன்னும் நாலு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டார். சோறு போட்டது கரும்பா இன்ஜினா நானா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை.

மாசி மகம் எங்களுக்கு மற்ற நாள் மாதிரி கிடையாது. பௌர்ணமிக்கு முந்தின நாளே இருளர் சனங்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். மணலில் குச்சி நட்டு, சுற்றிலும் புடவையைக் கட்டி, அதுதான் வீடு. விடிந்ததும் கடலோரத்திலேயே கல்யாணங்கள் நடக்கும். தாலி கட்டிக்கொண்ட ஜோடி மணலில் ஏறி ரோட்டுக்கு வருகிற இடத்தில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. அதன் கீழ்தான் எங்கள் வண்டி. ஒரு வருஷம் அப்படி ஒரு ஜோடி முதல் டம்ளரை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டுப் போனது. அடுத்த மகத்துக்குக் கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, இங்கதான் குடிச்சோம்" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னது. என்னைப் பார்த்து. அவரைப் பார்த்து இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மகத்துக்கும் முதல் டம்ளர் புது ஜோடிக்கு என்று நான் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியது கிடையாது.

அந்த மரத்தடி எங்கள் சொத்து இல்லை. மகத்தன்று விடிவதற்குள் யார் வண்டி நிற்கிறதோ அவர்களுடையது. ஒரு தடவை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் போய் "இது எங்க எடம்" என்று சொல்லவும் முடியாது. ஒரு குல்ஃபி ஐஸ்காரர் மூன்று வருஷமாக அதன்மேல் கண் வைத்திருந்தார். ஒவ்வொரு மகத்துக்கும் எங்களுக்கு ஒரு பத்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, பூவரச இலையை அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார்.

நல்லவேளையாகப் பழைய இன்ஜின் ஒன்று கிடைத்தது. ஒரு விவசாயி கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் போட்டுவிட்டு, சும்மா கிடந்த டீசல் இன்ஜினைக் கொடுத்தார். நன்றாக ஓடியது. தண்டும் அதே பருமன். ஆனால் புல்லி இல்லை. எங்கள் புல்லியின் அளவுக்குக் கடையில் கிடைக்காது. செங்கல்பட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் எங்களுக்கென்றே கடைந்து மாட்டியது அது. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஆக, செத்த இன்ஜினில் இருந்து புல்லியைக் கழற்றிப் புது இன்ஜினில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"அரை மணி நேர வேலை" என்றார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார். செத்த இன்ஜினை வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு லாரி டயர்மேல் படுக்கவிடாமல் உட்கார வைத்தார். வீட்டில் இருந்த ஆயுதங்கள் ஒரு சுத்தியல், ஒரு ஸ்குரு டிரைவர், கைப்பிடி உடைந்த ஒரு ஸ்பேனர், ஒரு கடப்பாரை. முதலில் தண்டு முனையில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கற்பூரம் காட்டினார். டீசல் சொட்டுகிற இன்ஜினுக்குக் கற்பூரம் காட்டுகிறவரை நான் இவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். நான் ஒரு குடம் தண்ணீரைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அடித்தார். அரை மணி நேரம் அடித்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அடித்தார். புல்லி நகரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புல்லியின் நடுவில், தண்டைச் சுற்றிக் கழுத்து மாதிரி ஒரு பகுதி உண்டு. அந்தக் கழுத்தில் ஒரு சின்னக் குழி. சரியாக என் கட்டைவிரல் உட்காருகிற குழி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தக் குழி மேலே வரும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி நிறுத்தி, அதில்தான் நான் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பேன். வேறு எங்கே வைத்தாலும் வழிந்துவிடும். குழியில் வைத்தால் நெற்றியில் வைத்த மாதிரி நிற்கும். பொங்கலுக்கு அவர் வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கும்போது அதன்மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அடுத்த பூஜைக்கு நான் மறுபடி சந்தனம். இப்படிச் சந்தனம், குங்குமம், பெயின்ட், சந்தனம், குங்குமம், பெயின்ட் என்று இருபது வருஷம். குழி நிறைந்து, மேடாகி, பூரான் கடித்து வீங்கின மாதிரி ஒரு பொட்டு அங்கே நிரந்தரமாக இருந்தது.

அந்தக் குழி எதற்கு என்று எனக்குத் தெரியும். பட்டறையில் புல்லியை மாட்டின அன்று இவர் பீடி வாங்கப் போயிருந்தார். நான் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். லேத்துக்காரர் புல்லியைத் தண்டில் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தலையே இல்லாத ஒரு குட்டி ஸ்குருவை அந்தக் குழிக்குள் போட்டு இறுக்கு இறுக்கு என்று இறுக்கினார். ஸ்குரு போய்த் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தளர்த்தாமல் யார் அடித்தாலும் புல்லி வராது.

சனிக்கிழமை நான் இதைச் சொல்லவில்லை. இருபது வருஷம் இன்ஜினோடு புழங்கின மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா, முதலிலேயே கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பளைகளைப் பற்றி உயர்வாக நினைத்தது என் தப்புதான்.

சாயங்காலம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது கொஞ்சம் சந்தேகம் வந்தது. டீயைக் கொடுத்துக்கொண்டே, "அந்தப் பொட்டாண்ட ஒரு ஸ்குரு இருந்துச்சே" என்றேன்.

"எந்தப் பொட்டாண்ட?"

"நான் வெக்கிற பொட்டு."

"அங்க சாமி கீது. ஸ்குரு எங்க கீது? நீ போயி கொயம்பப் பாரு."

குழம்பைப் பார்த்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வந்தார். கூடவே எங்கள் மகளும் வந்தாள். மாப்பிள்ளை மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பொத்தான் அமுக்குகிற வேலை என்று மகள் சொல்வாள். பொறுப்பான வேலை என்று அவர் சொல்வார்.

கல்யாணம் ஆகி ஐந்து வருஷம் ஆகியும் நான் மாப்பிள்ளையோடு நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் நின்று பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே போனில் சீரியல் பார்க்கிறார்கள். ஆனால் பேசாமல் இருக்க ஊரே அனுமதித்த ஒரு வழக்கத்தை நான் ஏன் விட வேண்டும்? கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் ஆட்டிடம் சொல்வேன். வாசலில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கும். "ஏ ஆடு, சாப்பாடு ஆறுது" என்றால் மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு வருவார். ஐந்து வருஷத்தில் ஆட்டுக்கும் இது பழகிவிட்டது. அதைக் கூப்பிட்டால் அதுவே மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும்.

மாப்பிள்ளை இன்ஜினைச் சுற்றி வந்தார். "மாமா, கம்பெனில இது ரெண்டே நிமிசம். பிரஸ்ல வெச்சி அமுக்குனா போதும்."

"அப்போ கம்பெனிய இங்க இஸ்துகினு வா" என்றது ஒரு குரல். எதிர்வீட்டுக்காரர். புதுப்பட்டினத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. பல்துலக்கும் குச்சியோடு வந்து கல்மேல் குந்திக்கொண்டார். எந்த வேலையிலும் கை வைக்காமல் எல்லா வேலையையும் முடிக்கிறவர்.

மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பளிங்கு மாதிரி ஒரு பட்டறை. கையுறை போட்ட ஒரு ஆள், மூன்று கால் வைத்த ஒரு கருவியைப் புல்லியின்மேல் கவிழ்த்து, நடுவில் இருந்த போல்ட்டைத் திருகினான். புல்லி வெண்ணெய் மாதிரி வந்தது. மூன்று பேரும் அதை நான்கு தடவை பார்த்தார்கள். நான்காவது தடவையும் வந்தது.

"அந்த மூணு காலு நம்ம கடைலயும் இருந்துச்சி" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஒருத்தன் எரவல் வாங்கினு போனான். அவனும் வரல, அதுவும் வரல."

"இன்னிக்கி நாயித்துக்கெயம. கடையெல்லாம் மூடிக்கினு இருப்பான்" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கு சாயங்காலம் வண்டி கெளம்பணும் மச்சான். ஐஸ்காரன் இப்பவே குளிச்சி ரெடியா இருப்பான்."

அதைக் கேட்டதும் எனக்குப் பூவரச மரத்தடியில் குல்ஃபி மணி அடிக்கிற சத்தமே காதில் கேட்டது.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது. புல்லியில் நைலான் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் பைக்கில் கட்டி இழுப்பது. கட்டினார். பைக்கை முறுக்கினார். புல்லி வந்தது. புல்லியோடு இன்ஜினும் வந்தது. இன்ஜினோடு டயரும் வந்தது. தாயின் பின்னால் போகிற கன்றுக்குட்டி மாதிரி மொத்தமும் பைக்கின் பின்னால் தெருவில் பத்தடி தூரம் அமைதியாகப் போயிற்று.

"நிறுத்து நைனா, நிறுத்து!" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்துக் கல்லில் இருந்து விழுந்தார். "அப்படியே மகாபலிபொரம் வரைக்கும் ஓட்டினு போயிடு, வேல முடிஞ்சிது!"

திரும்ப இழுத்து வந்து வைத்தார்கள். மறுபடியும் சுத்தியல். வீட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"பாத்து மாப்ள. பொட்டு மேல பட்டுறப் போவுது."

"படாது மாமா."

"இந்தாண்ட அடிங்க. அந்தாண்ட சாமி கீது."

பொட்டுக்கு மேலே அடித்தார்கள், கீழே அடித்தார்கள், இடமும் வலமும் அடித்தார்கள். பொட்டை மட்டும் விட்டுவிட்டு அதைச் சுற்றி வலம் வந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மெய்யாகவே புரிந்தது. இவர்கள் யாருக்கும் அந்த ஸ்குரு தெரியாது. நான் வைத்த பொட்டே அதை மூடிவிட்டது. மூடினதும் இல்லாமல் காவலும் காக்கிறது.

மகளைத் தேடினேன். உள்ளே குப்புறப் படுத்துப் போனில் யாருக்கோ தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சொல்லு உங்க வூட்டுக்காரர்கிட்ட, பொட்டுக்குக் கீழ ஸ்குரு கீதுன்னு" என்றேன்.

"ம்மா, ஒரு நிமிசம்" என்றாள். அவளுடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும்.

ஆட்டிடம் போனேன். புல் போடுகிற மாதிரி குனிந்து, "ஏ ஆடு" என்றேன். "சந்தனத்துக்குக் கீழ இன்னா கீதுன்னு சுரண்டிப் பாக்க மாட்டியா நீ?"

ஆடு மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை ஆட்டைப் பார்த்தார். "அத்த சாப்பிடக் கூப்புடறாங்க மாமா" என்றார்.

"கயட்டிட்டு சாப்புடலாம் மாப்ள."

"ஏ ஆடு, ஸ்குரு, ஸ்குரு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னாக்கா, ஆட்டுக்கு ஸ்குரு லூசா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் எதிர்வீட்டுக்காரர் போய்த் தன் வீட்டில் இருந்து சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வேலையிலும் கை வைக்காத மனிதர் அன்றைக்கென்று உதவி செய்தார். கருங்கல் உடைக்கிற சம்மட்டி அது.

"இத்தால ஓரத்துல ஒண்ணு வெச்சா தானா வந்துரும்."

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார். கைகளில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். புல்லியின் ஓரம் வார்ப்பு இரும்பு. கீழே போட்டால் கல்லில் பட்டு உடைகிற ஜாதி. இட்லித் தட்டைவிடப் பருமன் கொஞ்சம்தான் அதிகம். அதில் சம்மட்டி விழுந்தால் இரண்டாகப் போகும். போனால் புல்லி இல்லை. புல்லி இல்லையென்றால் நாளைக்கு வண்டி இல்லை. மரத்தடி இல்லை. மணலில் ஏறி வருகிற பெண் குல்ஃபி சாப்பிட்டுவிட்டுப் போகும், அதற்குப் பிறகு எந்த வருஷமும் என்னைத் தேடாது.

மாப்பிள்ளை சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"டேய்! நிறுத்துடா! மண்ட கீதா உனுக்கு?"

யாரோ கத்தினார்கள் என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

மாப்பிள்ளை தூக்கிய சம்மட்டியோடு சிலை மாதிரி நின்றார். வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்து மகள் "இன்னா ஆச்சி? யாரு?" என்று ஓடி வந்தாள். ஆடு மட்டும் மென்றுகொண்டே இருந்தது. அதற்குத்தான் நான் பேசுவது புதிது இல்லையே.

கத்தியாகிவிட்டது. இனிமேல் கதவுக்குப் பின்னால் போய் என்ன ஆகப்போகிறது? கோணி தைக்கிற ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். புல்லிக்குப் பக்கத்தில் குந்தினேன். பொட்டின் நடுவில் ஊசியை வைத்தேன்.

"ஏ, சாமி எடம்..." என்றார் வீட்டுக்காரர்.

"வெச்சவ நானு. எடுக்கவும் எனக்குத் தெரியும்" என்றேன். இதுவும் என் குரல்தான்.

முதலில் போன பொங்கலின் பச்சை உரிந்தது. அதன் கீழே குங்குமம், சிவப்பு மண் மாதிரி. பிறகு காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. அதற்குக் கீழே ஒரு வருஷம் பச்சை தீர்ந்துபோய் அவர் நீலம் அடித்திருந்தது தெரிந்தது. அவரே மறந்துபோயிருந்தார். குனிந்து பார்த்து, "அட, அந்த வருசத்து நீலம்!" என்றார். புதையல் எடுத்த மாதிரி மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் சுரண்டினேன். மண்ணெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்தேன். குழியின் அடியில், நகக்கீறல் மாதிரி ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. ஸ்குருவின் வெட்டு.

மாப்பிள்ளை மெதுவாகச் சம்மட்டியைக் கீழே வைத்தார். "மாமா, இது வீடியோல இல்ல" என்றார்.

"வீடியோக்காரன் வூட்டுல ஆயுத பூஜ போட மாட்டாங்க மாப்ள" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஸ்குரு டிரைவரை வெட்டில் வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டச் சொன்னேன். மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன். ஆடு அப்போது நிழலில் படுத்திருந்தது. தட்டினார். ஸ்குரு டிரைவரின் கம்பியை ஸ்பேனரால் பிடித்து வீட்டுக்காரர் திருப்ப, மாப்பிள்ளை மேலே இருந்து அழுத்தினார். முதல் திருப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் 'டிக்' என்று ஒரு சத்தம். வெளியே வந்து விழுந்தது பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு. இரண்டு நாளாக மூன்று ஆம்பளைகளை உட்காரவைத்தது அதுதான்.

உடனே புல்லி வந்துவிடவில்லை. இருபது வருஷத் துரு பிடித்திருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இட்லிப் பானை மூடி இறுகிக்கொண்டால் மேலே வெந்நீர் ஊற்றினால் திறக்கும். மூடிக்குச் சரியென்றால் புல்லிக்கும் சரிதானே? சோற்றைக் கொதிக்கக் கொதிக்க வடித்துக் கஞ்சித் தண்ணீரைப் புல்லியின் கழுத்தில் ஊற்றினேன். தண்டில் படாமல் கழுத்தில் மட்டும். மாப்பிள்ளை ஒரு பக்கம் கடப்பாரை, எதிர்வீட்டுக்காரர் மறுபக்கம் ஒரு இரும்புப் பட்டை, இரண்டுக்கும் அடியில் விறகுத் துண்டு முட்டுக் கொடுத்து ஒரே நேரத்தில் நெம்பினார்கள். வீட்டுக்காரர் தண்டின் முனையில் கட்டையை வைத்து அதன்மேல் மெல்ல மெல்லத் தட்டினார்.

"இன்னா வாசன!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "உப்பு போட்டுக் குடுத்தா நான் குடிச்சிருப்பேன், இன்ஜினுக்கு ஊத்துறீங்க."

முதல் சட்டிக் கஞ்சிக்கு நகரவில்லை. சும்மா கொதிக்கும் தண்ணீர் இரண்டாவது சட்டி. அதற்கு ஒரு நெல் அகலம் நகர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் "நகுருது!" என்று கத்தினோம். நானும்தான். மூன்றாவது சட்டிக்கு, பிடித்திருந்த கையை விட்ட மாதிரி, பொத்தென்று புல்லி கழன்று தரையில் விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. எங்கள் தெரு கொஞ்சம் சரிவு. விளிம்பில் நின்று, ஒரு ஆட்டம் ஆடி, உருள ஆரம்பித்துவிட்டது.

"புடி! புடி!"

சட்டை இல்லாமல் மாப்பிள்ளை முன்னால், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் பின்னால், அதற்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், கையில் சட்டியோடு நான். குழாயடிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கட்டி இழுத்து, அடித்தும் வராத புல்லி தானாகத் தெருமுழுக்க ஊர்வலம் போய்க் கால்வாய்ச் சேற்றில் குப்புற விழுந்தது. சேறு மெத்தை மாதிரி. விரிசல் இல்லை. நான் புடவை முந்தானையால் துடைத்து, விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. உடைந்திருந்தால் சட்டி மாதிரி சத்தம் வரும்.

அன்று சாயங்காலமே அதைப் புது இன்ஜினில் ஏற்றிவிட்டார்கள். திரும்ப ஸ்குருவைப் போடும்போது மாப்பிள்ளை ஸ்குரு டிரைவரை என் பக்கம் நீட்டினார். நான் இறுக்கினேன். சாப்பிடும்போது அவர் பக்கத்தில் நின்று நானே குழம்பு ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றேன். "போடுங்க அத்த" என்றார். ஐந்து வருஷத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. 'டேய்' கணக்கில் சேராது என்று இருவரும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டோம் என்று நினைக்கிறேன். மகள்தான் இன்றுவரை அதை விடவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

மகத்தன்று பொழுது விடிகிறபோது எங்கள் வண்டி பூவரச மரத்தடியில் நின்றது. லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். இன்ஜினைக் கிளப்புகிற வேலை தன்னுடையது என்று அவரே எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் குல்ஃபிக்காரர் மணி அடித்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்தார். மணியை நிறுத்திவிட்டு, வழக்கம்போலப் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தினார்.

"இன்ஜின் போயிடுச்சின்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

"வந்துடுச்சி" என்றேன் நான். வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே.

புது இன்ஜின் ஆயிற்றே என்று, கிளப்புவதற்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். கட்டைவிரல் தானாகக் குழிக்குப் போயிற்று.

"அத்த, அங்க வேணாம்" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "மறுபடியும் மூடிக்கும்."

"அங்க வெச்சாத்தான் நிக்கும்" என்றேன். "அடுத்த தபா கயட்டும்போது ஸ்குரு எங்க கீதுன்னு நீங்க எத்த வெச்சி தேடுவீங்க?"

சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அவர் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பொட்டு ஒரு சிவப்பு வளையமாகச் சுற்ற ஆரம்பித்தது.

மணலில் இருந்து ஒரு ஜோடி ஏறி வந்தது. பெண்ணின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட வாயைத் திறந்தார். நான் கரும்பை உருளைக்குள் விட்டுக்கொண்டே, "வாம்மா, மொத டம்ளர் உங்களுக்குத்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்ற குல்ஃபிக்காரரும் திரும்பிப் பார்த்தார்.